தராசு பிடித்த பிள்ளைகள்

கொழும்புக் கோட்டையில் ஏறுகிற ரயில் பதுளையோடு முடிந்துவிடும். 1924இல் தண்டவாளம் வந்து சேர்ந்த இடம் அதுதான். அதற்குப் பிறகு ஓர் அடிகூடக் கிழக்கே நகரவில்லை. ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம்பிடிக்க வந்தவர்கள் எல்லவிலேயே இறங்கிவிடுகிறார்கள். பதுளைவரை வருகிற உள்ளூர்ச் சனம் மூட்டை முடிச்சோடு பஸ் நிலையத்துக்கு ஓடுகிறது. பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா, செங்கலடி என்று இறங்கிப்போகிற ஏ-5 பாதையில்தான் அவர்களுடைய ஊர்கள். செங்கலடி எனக்குச் சொந்த ஊர்ப் பக்கம். அதே பாதையின் மறுமுனையில் வளர்ந்தும் லுணுகலையை பஸ்ஸின் முன் பலகையில் வாசித்ததோடு சரி.

பசறைவரை பஸ்ஸில் பாட்டும் பேச்சுமாக இருந்தது. 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்த நமுனுகுல மலை பாதி வழி கூடவே வருகிறது. பசறை தாண்டியதும் பாதை மலையின் விலாவில் ஒட்டிக்கொள்ள, 13ஆம் கட்டைக்குக் கிட்டச் சாரதி வேகத்தைக் குறைத்தார். முன் இருக்கையில் இருந்த அம்மா கைகூப்பினார். 2021 மார்ச் 20 காலை, லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்த இடம். மேலிருந்து சரிந்த பாறை கிடந்து பாதை ஒடுங்கியிருந்த நேரம் அது. பெரியாஸ்பத்திரி, கச்சேரி, ரயில், கொழும்பு வேலை என்று லுணுகலைக்காரர்களுக்கு வேண்டியதில் பாதி இந்த வளைவுக்கு அப்பால் இருக்கிறது. பயந்தால் பிழைக்க முடியாது என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

நுவரெலியாக் குளிரை நினைத்துக்கொண்டு ஸ்வெட்டரோடு இறங்கினால் லுணுகலையில் சிரிப்பார்கள். ஆடி மாதம், கச்சான் காற்று வறட்டு வறட்டென்று அடித்துக்கொண்டிருந்தது. ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக்கொடுக்கிற காற்று இதுதான். ஜூலை முதல் செப்ரெம்பர் வரை இந்தக் காய்ச்சலில் கொழுந்து குறையும், வாசம் கூடும். ஏலத்தில் விலையும் ஏறும். கொழுந்து குறைந்தால் கிலோ குறையும், கிலோ குறைந்தால் சம்பளம் குறையும் என்பது அந்தப் பெயரோடு சேர்ந்து வெளியூருக்குப் போவதில்லை.

கடைத்தெருவில் தமிழ், சிங்களம், முஸ்லிம் மூன்று சனமும் கலந்து நிற்கிறது. ஹொப்டன், அடாவத்தை என்று சுற்றிவரத் தோட்டங்கள். இடையிடையே சிங்களக் கிராமங்கள், நிழல் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி, பலா. கீழே பிபிலைப் பக்கம் இறங்கினால் வெல்லஸ்ஸ, தோடம்பழத்துக்குப் பேர்போன இடம். நான் போக வேண்டியிருந்தது ஒரு தோட்ட டிவிசனில் உள்ள ஆரம்பப் பாடசாலைக்கு. அங்கே படிப்பிக்கிற நண்பர் அழைத்திருந்தார். "வெள்ளிக்கிழமை மாணவர் சந்தை வச்சிருக்கோம் சேர், சும்மா வந்து பாருங்க." பாடசாலையின் பெயரை எழுத வேண்டாம் என்பது அவர் கேட்டுக்கொண்டது.

முச்சக்கரவண்டி இறக்கிவிட்ட இடத்திலிருந்து தேயிலை மலைக்குள்ளால் குறுக்குப் பாதை. தரம் 1 முதல் 5 வரை நூறு பிள்ளைகள் தேற மாட்டார்கள். நீளமான ஒற்றை மண்டபம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது, கரும்பலகைதான் மறைப்பு. 1980களின் பிற்பகுதியில் சுவீடனின் உதவி நிறுவனமான சீடாவின் உதவியோடு தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடங்கள் எழுந்த காலத்தை மலையகத்தில் இன்னும் பேசுவார்கள். இந்த மண்டபம் அதற்கும் முந்தியதாம். மணி என்று தொங்குவது ஓர் இரும்புத் துண்டு. சிற்றூழியர் இல்லை. காலையில் பிள்ளைகளே கூட்டுகிறார்கள், பூச்செடிக்குத் தண்ணீர் விடுகிறார்கள், அம்மாமார் முறைவைத்து வந்து சமைக்கிறார்கள். தரம் 5 பிள்ளை தரம் 1 தங்கச்சியின் மூக்கைத் துடைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போகிறது. இரண்டு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்றால், ஒரு வகுப்புக்கு அவர் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மற்ற வகுப்பு தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொள்கிறது. பெரிய நகரங்களில் பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைப்பதற்கென்றே கட்டணம் வாங்குகிற பள்ளிகள் உண்டு. இங்கே ஆசிரியர் பற்றாக்குறை அதை இலவசமாகச் செய்து வைத்திருக்கிறது. நான் மெச்சினேன். "ஒரு மாசம் நீங்க எடுத்துப் பாருங்க" என்றார் நண்பர்.

பிள்ளைகளே கடை போட்டு விற்கிற மாணவர் சந்தை இலங்கை முழுக்க ஆரம்பப் பாடசாலைகளில் நடக்கிற காரியம். 1999 கல்விச் சீர்திருத்தம் ஆரம்ப வகுப்புகளுக்கு விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்ற மூன்றையும் வகுத்துக் கொடுத்தது. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று ஒரு பாடமும் உண்டு. அதில் சந்தை ஒட்டிக்கொண்டது. நகரத்துப் பாடசாலைகளில் இதை நான் பார்த்திருக்கிறேன். முதல்நாள் மாலை அம்மா சுப்பர்மார்க்கெட்டில் கரட் வாங்குவார். மறுநாள் மகள் அதை விற்பாள். அம்மாவே திரும்ப வாங்குவார். அப்பா படம் எடுப்பார். கரட்டுக்கு இரண்டு தரம் காசு போனதுதான் மிச்சம்.

இங்கே சரக்கு தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கொல்லையிலிருந்து வந்திருந்தது. வல்லாரை, பொன்னாங்காணி, கறிவேப்பிலை, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, எலுமிச்சை, கொய்யா, இரண்டு தார் வாழைப்பழம், ஒரு போத்தல் மிளகு, ஒருத்தியின் வீட்டு நாட்டுக்கோழி முட்டை ஒன்பது. பிபிலையில் சித்தி இருக்கிற பையன் ஒரு பை தோடம்பழத்தோடு வந்திருந்தான். அன்றைய பணக்காரன் அவன்தான். அப்பாமார் முதல்நாள் வேலை விட்டு வந்து மூங்கில் நட்டு, மானாப்புல் வேய்ந்து, வரிசையாகக் கடை போட்டிருந்தார்கள். கடைகளுக்குப் பெயர்ப்பலகை உண்டு. மூன்று மொழியில் எழுத வேண்டும் என்பது ஆசிரியரின் கட்டளை. சிங்கள எழுத்தின் சுழி மட்டும் பலகைக்குப் பலகை மாறியிருந்தது.

ஒரு வாரமாகவே சந்தை நடந்துகொண்டிருந்தது என்று சொல்லலாம். தரம் 3, 4 பிள்ளைகள் லுணுகலை டவுனுக்குப் போகிற பெரியவர்களிடம் சொல்லி விலை விசாரித்து வந்திருந்தார்கள். ஒரே வல்லாரைக்கு மூன்று கடையில் மூன்று விலை. ஏன் என்று வகுப்பில் ஒரு மணி நேரம் வாக்குவாதம். கடதாசிக் காசு வெட்டி மிச்சக் காசு கொடுத்துப் பழகினார்கள். தரம் 2 பிள்ளை ஒன்று நூறு ரூபாய்க்கு நூற்றிருபது திருப்பிக் கொடுத்து எல்லாரையும் சந்தோஷப்படுத்தியதாம். தராசு மட்டும் பாடசாலையில் கிடையாது. டவுன் கடைக்காரர் ஒருவர் தட்டுத் தராசையும் படிக்கற்களையும் ஒருநாளைக்கு இரவல் கொடுத்திருந்தார்.

பத்து மணிக்கு அதிபர் ரிப்பன் வெட்டினார். முதலில் வந்தவர் பக்கத்துக் கிராமத்துச் சிங்கள அம்மா ஒருவர். கீரைக் கடையில் நின்ற பெண்பிள்ளையிடம், "கீயத துவே?" என்றார். பிள்ளை திரும்பி ஆசிரியரைப் பார்த்தது. ஆசிரியர் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தார். "பனஹய்" என்றது, மெல்ல. "அடு கரன்ன" என்றார் அம்மா. குறைக்கச் சொல்வதற்குச் சிங்களத்தில் பதில் அந்தப் பிள்ளையிடம் இல்லை. தலையை மட்டும் ஆட்டி மறுத்தது. ஐம்பதைக் கொடுத்துவிட்டுக் கன்னத்தைத் தட்டிப்போனார். வாரத்துக்குச் சில பாடவேளை இரண்டாம் மொழி படித்து வராத துணிச்சல் ஒரு கட்டுக் கீரையில் வந்துவிட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையில் அடுத்த ஆள் வந்தபோது அந்தப் பிள்ளை தோழியின் பின்னால் ஒளிந்துகொண்டது.

பன்னிரண்டு மணிக்கு, பகல் கொழுந்து நிறுத்துவிட்டு மலையிலிருந்து பெண்கள் வந்தார்கள். இடுப்பில் படங்கு, தலையில் கயிற்றுத் தடம், காலில் அட்டைக்குப் பூசிய சவர்க்காரம். அதற்குப் பிறகுதான் சந்தைக்குச் சந்தைக் களை வந்தது. மரவள்ளிக் கடையில் தராசு பிடித்திருந்தவன் தரம் 4 பையன். வலது கையில் தராசை உயர்த்தி, நா நடுவில் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கிழங்குத் தட்டு கொஞ்சம் தாழ்ந்தால் ஒரு துண்டை எடுக்கிறான், உயர்ந்தால் போடுகிறான். ஒரு கிலோவுக்கு ஐந்து நிமிடம். பின்னால் வரிசை நீண்டது. அவனைப் பார்த்துக்கொண்டே நின்ற ஓர் அக்கா கேட்டார்:

"ஏன் தம்பி, தண்ணிக்குக் கழிக்கலியா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. பையனுக்கு விளங்கவில்லை. "இல்லீங்க அக்கா, கெழங்கு காஞ்சுதான் இருக்கு" என்றான். "அப்ப சாக்குக்கு?" என்றார் இன்னொருவர். "தொரை சொல்லாம எப்புடிக் கழிப்பான்?" என்றார் மூன்றாமவர். சிரித்துச் சிரித்து ஒருவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது கொழுந்தில் ஒட்டிய ஈரத்துக்கும் சாக்குக்கும் முற்றிய இலைக்கும் என்று கிலோக்கள் கழிக்கப்படுவது மலையகம் முழுக்கத் தெரிந்த கதை. எத்தனை கழிப்பது என்பதைத் தராசுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் தீர்மானிப்பார். நாளுக்கு இத்தனை கிலோ என்று குறித்ததை எடுத்தால் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம். எடுக்காவிட்டால் அரைப் பேர். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாவதற்கு 2021வரை போராட வேண்டியிருந்தது. 2024இல் அது 1,350 ஆனது. அந்த ஆயிரத்தையும் ஆயிரத்து முந்நூற்றைம்பதையும் பற்றி மேடைகளில் பேசியவர்கள் பலர். கழிக்கிற அந்தக் கிலோக்களைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. இந்தப் பெண்கள் வாழ்நாள் முழுக்கத் தராசுக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள். இன்றைக்குத்தான் தங்கள் வீட்டுப் பிள்ளை அந்தப் பக்கம் நிற்பதைப் பார்க்கிறார்கள். அவன் நிறுக்கிற விதத்தைப் பார்த்து அவர்களுக்குச் சிரிப்பு வந்ததில் ஆச்சரியம் என்ன?

செய்து கற்றல் என்பதைப் பற்றி எனக்கு இருந்த பழைய சந்தேகம் இந்த இடத்தில்தான் கொஞ்சம் இளகியது. சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. கையால் செய்து கற்கட்டும் என்று மேலிருந்து சொல்லப்பட்ட போதெல்லாம் அது யாருடைய பிள்ளையின் கை என்று கேட்க வேண்டியிருந்திருக்கிறது. ராஜாஜி 1953இல் சென்னை மாநிலத்தில் கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் குலக்கல்வி என்று பெரியாரும் மற்றவர்களும் எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டே ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். அதற்கும் முன்னால், 1930களில் கண்டிக்கு அருகே ஹந்தெஸ்ஸவில் விவசாயத்தையும் கைத்தொழிலையும் நடுவில் வைத்துக் கிராமக் கல்வித் திட்டமொன்றை நடத்திப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 1934இல் தாகூர் ஹொரணைக்கு வந்து அடிக்கல் நாட்டிய ஸ்ரீபாலி, வில்மட் பெரேரா சாந்திநிகேதனை மனத்தில் வைத்துக் கட்டியது. அது நிலைத்தது. இசையும் நடனமும் அங்கே நடுவில் இருந்ததும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும்.

தோட்டத்துக்கு வந்தால் கதை இன்னும் கசப்பு. ஆறு வயது முதல் பத்து வயதுவரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத்துரைமார் மீது 1907ஆம் ஆண்டுச் சட்டம் வைத்தது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அதை இறுக்கியது. நடந்தது ஒற்றை அறை, ஒற்றை மாஸ்டர், கொஞ்ச நேரப் படிப்பு. மிச்ச நேரம் பிள்ளை மலையில். செய்து கற்றலுக்கு அங்கே குறைவே இருக்கவில்லை. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலை வாசலுக்கு வெளியே நின்றது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் அவை அரசாங்கப் பாடசாலைகளாகின. அந்த இடைக்காலத்தில், 1964இன் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் லட்சக்கணக்கானவர்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றியது. அவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில், கூடலூர்ப் பக்கம் மறுபடியும் தேயிலைக்கே போனார்கள். அதே கூடலூரில் பணியர், காட்டுநாயக்கர் போன்ற ஆதிவாசிகளின் பிள்ளைகளுக்காக 1990களில் வித்யோதயா என்ற சிறிய பள்ளி தொடங்கியது. பிள்ளைகளின் காட்டறிவும் பாட்டும் கதையும் அங்கே பாடத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். காட்டைப் பற்றிப் பேசலாம், ஆனால் எழுத்தும் கணக்கும் கைவிட்டுப் போகக் கூடாது என்று பெற்றோர் பிடிவாதமாக இருப்பது அங்கும் இங்கும் ஒன்றுதான்.

அதை இங்கே ஒரு தாய் வேறு மாதிரிச் சொன்னார். பாடசாலைக்குப் பின்னால் பிள்ளைகள் போட்டிருந்த மரக்கறிப் பாத்தியைக் காட்டி, நல்லா இருக்கிறதே என்று நான் சொல்லப்போக, "நல்லாத்தாங்க இருக்கு. மண்ணு கிண்டுறத நாங்க சொல்லிக்குடுத்துக்கிருவோம். டீச்சர் எழுதப் படிக்கச் சொல்லிக்குடுக்கட்டும்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். எனக்குப் பதில் இல்லை. சந்தை அவருக்குப் பிடித்திருந்தது, பாத்தி பிடிக்கவில்லை. ஒன்றில் மகள் காசை எண்ணுகிறாள், மற்றதில் மண்வெட்டி பிடிக்கிறாள். செயற்பாட்டுக் கல்வி என்று ஆசிரிய வழிகாட்டி இரண்டையும் ஒரே பெயரில் அழைக்கலாம். லயத்தில் அவை ஒன்றல்ல.

தரம் 5 பிள்ளைகளைச் சந்தையில் அதிகம் காணவில்லை. முதல் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு மண்டபத்தின் கடைசி மூலைக்குப் போய்விட்டார்கள். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்குகிறது. மாதிரி வினாத்தாள் செய்துகொண்டிருந்தார்கள். வெளியே கூச்சல், உள்ளே தலை குனிந்த ஏழெட்டுப் பேர். ஒரு பையன் மட்டும் இரண்டு வினாவுக்கு ஒருதரம் தோடம்பழக் கடையை எட்டிப் பார்த்தான். நான்கு வருடம் விளையாட்டும் செயற்பாடுமாக வளர்ந்த வகுப்பை ஐந்தாவது வருடம் வினாத்தாள் விழுங்கிவிடுகிறது என்று புலம்புவது சுலபம். நானும் புலம்பினேன். ஆசிரியர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பாஸ் பண்ணா பதுளையில பெரிய ஸ்கூல், விடுதி, மாசாமாசம் காசு. இங்கேருந்து வெளிய போற கதவு அது ஒண்ணுதான் சேர். நாங்க மூடவா?" மாணவர் சந்தையை அடுத்த ஆண்டு முதல் தவணையில் வைத்தால் அந்தப் பிள்ளைகளும் நிற்கலாம் என்று அதிபர் முணுமுணுத்தார். வைப்பாரென்று நம்புகிறேன்.

இரண்டு மணிக்கு மூங்கில் கடைகள் வெறும் கூடாயின. ஒரு வாழைத்தார், கொஞ்சம் எலுமிச்சை, பொன்னாங்காணி மூன்று கட்டு மிச்சம். பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்காரவைத்துக் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். ஆசிரியர் கரும்பலகையில் மூன்று பத்தி போட்டார்: முதல், விற்ற விலை, இலாபம். முதல் வீட்டுக்கு, இலாபம் வகுப்புக்கு என்பது முன்கூட்டியே பேசி முடித்த ஏற்பாடு. தோடம்பழக்காரனின் கணக்கு சட்டென்று முடிந்தது. சித்தி விலை சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அடுத்தது வல்லாரைக் கடை. எட்டுக் கட்டு, கட்டு ஐம்பது, நானூறு ரூபாய்.

"முதல் எவ்வளவு?"

பிள்ளை முழித்தது. பக்கத்தில் இருந்த தராசுக்காரப் பையன் கை உயர்த்தினான். "அது ஓடக்கரையில சும்மா மொளச்சது சேர். முதல் எப்புடிப் போடுறது?"

"யாரு பறிச்சது?"

"எங்க அம்மாயி" என்றது பிள்ளை, தன் பாட்டியை.

"எவ்வளவு நேரம்?"

விடியக்காலை போய், பெரட்டுக்கு (காலை வேலைப் பதிவுக்கு) ஆள் போன பிறகுதான் வந்தாராம். கழுவி, துப்புரவாக்கி, வாழைநாரில் கட்டியது தனி. எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் என்று வகுப்பு முடிவுசெய்தது. அம்மாயிக்கு மணிக்கு என்ன சம்பளம்? அம்மாயி இப்போது பேர் பதிகிறவர் இல்லை என்றது பிள்ளை. "பதிஞ்சா என்ன குடுப்பாங்களோ அதப் போடு" என்றார் ஆசிரியர். 1,350ஐ எட்டால் வகுத்தார்கள். தரம் 4க்கு அந்த வகுத்தல் கடினம். ஆசிரியர் சதத்தில் கைகொடுத்தார். 168 ரூபாய் 75 சதம். மூன்று மணி நேரத்துக்கு 506 ரூபாய் 25 சதம்.

நானூறுக்கு விற்றது. முதல் ஐந்நூற்றுக்கு மேல்.

"அப்ப நட்டமா சேர்?"

சத்தம் கிளம்பிவிட்டது. அடுத்த முறை கட்டு எழுபது என்று ஒரு கட்சி. எழுபதுக்கு யார் வாங்குவார், டவுனிலேயே அறுபதுக்குக் கிடைக்கிறது என்று மறுகட்சி. டவுன் கடைக்காரன் யாரிடம் வாங்குகிறான் என்று ஒருத்தி கேட்டாள். அம்மாயிக்குச் சம்பளமே போடாவிட்டால் இலாபம் நானூறு என்றான் தோடம்பழக்காரன். வல்லாரைப் பிள்ளைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது; "எங்க அம்மாயிக்குப் போடணும்" என்றது. ஆசிரியர் சுண்ணக்கட்டியோடு நின்றார். முதல் என்ற பத்தியில் எதையும் எழுதவில்லை. தராசுக்காரன் எழுந்து நின்று, அரைப் பேராவது போடுங்கள் சேர் என்று பேரம் பேசத் தொடங்கினான்.